கோலத்தின் மேல் ஒரு பச்சைக் குடம்

அத்தை,

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை உங்கள் தங்கச்சி எங்கள் பாத்திரக் கடைக்கு வந்தார்கள். கையில் பழைய சேலையில் சுற்றிய ஒரு பச்சை பிளாஸ்டிக் குடம். குடத்தோடு வெளியே போகிறவர்களைத்தான் எங்கள் கடை பார்த்திருக்கிறது. உங்களுக்குப் பிறகு குடத்தோடு உள்ளே வந்தவர் அவர் ஒருவர்தான்.

"அக்கா பீரோவுக்குள்ள இருந்துச்சு அண்ணாச்சி. ஒங்க கடைச் சாமானாம். புள்ள கையில குடுத்துருன்னு சொல்லிட்டுத்தான் கண்ண மூடுனா."

அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. பீரோவில் நகை வைப்பார்கள், பட்டு வைப்பார்கள், பத்திரம் வைப்பார்கள். குடத்தை வைத்துப் பூட்டுவார்களா? நான் சேலையைப் பிரித்து, குடத்துக்குள் முகத்தை விட்டேன். மூன்று வருஷமாகியும் புது பிளாஸ்டிக் வாசனை போகவில்லை. இடுப்பில் ஒட்டியிருந்த கம்பெனி ஸ்டிக்கர்கூட அப்படியே இருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் பார்க்காத குடம். பாளையம்பட்டி முழுக்க உங்களைத் திட்டியதும், ஒரு குடும்பம் உடைந்ததும் இதனால்தான்.

அப்பா கேட்டார்: "ஏன் புள்ள, இத நீ எப்பக் குடுத்த?"

"குடுக்கலப்பா. அத்தை எடுத்துக்கிட்டாக" என்றேன். பொய் இல்லை. பாதி உண்மைக்குப் பழகிய வாய் அத்தை, உங்களுக்குத் தெரியாததா.

நீங்கள் எங்கள் கடைக்கு மேல்மாடியில் இருந்த கேபிள் டிவி அறைக்கு முதன்முதலாக வந்தபோது நான் நாலாவது படித்தேன். அப்போது உங்கள் வேலை பிறந்தநாள் வாழ்த்து வாசிப்பது. மாமா, அத்தை, சித்தப்பா, பெரியப்பா என்று ஒரு ஊர்ப் பேரையே மூச்சு விடாமல் வாசித்துவிட்டுக் கடைசியில் ஒரு பாட்டுப் போடுவீர்கள். திருச்சுழிப் பக்கத்துச் சின்னச் சர்ச்சில் சிறு வயதிலிருந்து ஞாயிறுதோறும் வேதபாடம் வாசித்துத் தேறிய குரல். அந்தக் குரலில் மளிகைக்கடை விளம்பரம் வாசித்தால்கூட எங்கள் அம்மா சேலைத் தலைப்பை எடுத்துத் தலையில் போட்டுக்கொள்வாள்.

என் அப்பாவை நீங்கள் அண்ணாச்சி என்றதால் எனக்கு நீங்கள் அத்தை. மற்றபடி ஊருக்கே அக்கா. பேரன் எடுத்த கிழவர்கள்கூட போனில் "அக்கா, ஒரு பாட்டு" என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

எல்லாம் மாறிய அந்த மதியம் நான் படிக்கட்டில் உட்கார்ந்து மாங்காய் தின்றுகொண்டிருந்தேன். ஒரு பெண் மகனுடைய பிறந்தநாளுக்குப் பாட்டுக் கேட்க போன் செய்தாள். பேரைச் சொல்ல ஆரம்பித்தவள் நடுவில் அழுதுவிட்டாள். கேபிள்காரர் லைனை வெட்டச் சொல்லிக் கையை ஆட்டினார். நீங்கள் வெட்டவில்லை.

"பாட்டுப் போடவா தாயி?"

"பாட்டு வேணாங்க்கா. கொஞ்ச நேரம் லைன்லயே இருங்க."

இருந்தீர்கள். டிவியில் உங்கள் முகம் மட்டும், பேச்சே இல்லை. தெருவில் ஒரு வீட்டிலும் சேனலை மாற்றவில்லை. மறுநாள் ஒரு மணிக்கு அந்த போன் ஓயவே இல்லை. 'உச்சி வெயில்' நிகழ்ச்சி அப்படித்தான் பிறந்தது. ஆம்பளைகள் மில்லுக்கும் காட்டுக்கும் கரிமூட்டத்துக்கும் போயிருக்கும் நேரம். வீட்டில் பெண்ணும் டிவியும் மட்டும். "வத்தல வீட்டுக்குள்ளயே வச்சிருந்தா பூச்சி பிடிக்கும். வெயில்ல போடு தாயி" என்பீர்கள். எங்கள் ஊரில் மிளகாய் காயாத வெட்டவெளியே கிடையாது. அதனால் சொன்னவுடனே எல்லோருக்கும் புரிந்தது.

நானும் ஒரு தடவை போன் செய்தேனே, ஞாபகம் இருக்கிறதா? காரியாபட்டிக் கமலா என்று குரலை மாற்றி, "எங்க வீட்டுக்காரரு கணக்கு வரலன்னு அடிக்காருக்கா" என்று அழுதேன். நீங்கள் உடனே கண்டுபிடித்துவிட்டீர்கள். "தாயி, அந்த வீட்டுக்காரரு எங்களுக்குக் கீழ பாத்திரக் கடைதான வச்சிருக்காரு? அடிக்க ஸ்கேல நான் குடுத்து விடுதேன்" என்றீர்கள். ஊரே சிரித்தது. அன்றைக்குச் சாயங்காலம் உண்மையிலேயே ஒரு ஸ்கேல் வந்தது.

குடம் வந்தது அடுத்த வருஷம். ஒரு பெண் பக்கத்து வீட்டு போனிலிருந்து பேசினாள். அவளுடைய போனைப் புருஷன் உடைத்துவிட்டான். இனிமேல் அடித்தால் எப்படிச் சொல்வது என்று கேட்டாள். நீங்கள் முன்னாலேயே யோசித்து வைத்திருந்த மாதிரி தெரியவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னீர்கள்.

"வாசல்ல கோலத்து மேல குடத்தக் கவுத்து வையி தாயி. காயப் போடுத குடத்த யாரும் கோலத்து மேல வைக்க மாட்டாக. பாக்குற பொம்பளைக என்ன ஏதுன்னு கேக்க வேணாம். சும்மா வந்து உக்காருங்க. அது போதும்."

திருச்சுழி ரோட்டில் அம்மாவோடு போகும்போது அதை நான் கண்ணால் பார்த்தேன். ஒரு ஓட்டு வீட்டு வாசலில் கவிழ்ந்த குடம். அதைச் சுற்றி எட்டுப் பெண்கள். ஒருத்தி பூக்கட்டினாள், ஒருத்தி பிள்ளைக்குப் பேன் பார்த்தாள். யாரும் வாய் திறக்கவில்லை. அந்த வீட்டுக்காரர் சைக்கிளில் வந்து, தெருமுனையில் இறங்கி, பார்த்துவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்பிப் போனார். அவர் எப்போது வீட்டுக்குள் வந்தாரோ தெரியாது. பஸ்ஸு வந்துவிட்டது. ஆனால் அந்தத் தள்ளிக்கொண்டு போன முதுகு இன்னும் கண்ணில் நிற்கிறது.

அப்புறம் நீங்கள் மெட்ராஸ் போனீர்கள். பெரிய சேனல், அதே மதிய நேரம், அதே 'உச்சி வெயில்'. ஆனால் அங்கே வெயிலே இல்லை, எல்லாம் லைட்டு. தரையில் பெயின்ட்டுக் கோலம். அதன் மேல் ஒரு பித்தளைக் குடம். வந்த பெண் அதைக் கவிழ்த்தவுடன் டமால் என்று ஒரு சத்தம் போடுவார்கள். புருஷனை எதிரே உட்கார வைப்பார்கள். சும்மா வந்து உட்காரச் சொன்ன நீங்கள், கேள்வி மேல் கேள்வி கேட்டீர்கள். 'ஒண்ணுமில்லக்கா' என்று எந்தப் பெண்ணாவது சொன்னால் கேமராவைப் பார்த்துத் தலையை ஆட்டி, "ஒண்ணுமில்லன்னு சொல்றவ வீட்டுலதான் எல்லாம் இருக்கும்" என்பீர்கள். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போகும். தெருவில் ரெண்டு பொம்பளைகள் சண்டை போட்டால்கூட அந்த வசனத்தைத்தான் வீசுவார்கள். நானும் பள்ளிக்கூடத்தில் உங்கள் குரலிலேயே அதைச் சொல்லி, ஹோம்வொர்க்கில் ஒண்ணுமில்லாதவளை எல்லாம் மாட்டிவிட்டேன்.

ஊர் இரண்டாகப் பிரிந்தது. டீக்கடையில், "ஒத்தப் பொம்பள வாயால ஊர்க் குடம் பூராம் கவுந்து போச்சுப்பா" என்றார்கள். கோலம் போடாத வீட்டில் பிறந்தவளுக்குக் கோலத்தைப் பற்றி என்ன பேச்சு என்று ஒரு சங்கத்தார் சுவரொட்டி ஒட்டினார்கள். உங்கள் சர்ச்சுப் போதகர் ஐயாகூட, வீட்டு விஷயத்தை வீதிக்குக் கொண்டுவராதே என்று சொன்னதாகக் கேள்வி. எங்கள் அம்மா கடைசிவரை உங்கள் கட்சி. ஆனால் ஒருநாள் ஒரு கல்லூரிப் பெண்ணை உட்கார வைத்து, அவளுடைய காதலை அவள் அப்பா முன்னால் சொல்ல வைத்தீர்களே, அன்றைக்கு அம்மா டிவியை நிறுத்திவிட்டாள். "இது வெயில்ல போடுத மாதிரி இல்ல. தோல உரிக்கிற மாதிரி இருக்கு" என்றாள். அந்தப் பெண் அதற்கப்புறம் கல்லூரிக்குப் போகவில்லையாம்.

இதையெல்லாம் உங்களிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல எனக்கு யோக்கியதை இல்லாமல் போய்விட்டது.

அப்போது ஒன்பதாவது படித்தேன். கண்டக்டர் மாதிரியே வாயால் ரெட்டை விசில் அடிக்க எனக்கு வரும். எங்கள் பக்கத்து மினி பஸ் டிரைவர் தங்கராசு அண்ணன். ஒருநாள் ஸ்டாப்பில் கண்டக்டர் டீ குடிக்க இறங்கிய சமயம் நான் விசில் அடித்தேன். அண்ணன் வண்டியை எடுத்துவிட்டார். கண்டக்டர் ஒரு கையில் பை, ஒரு கையில் வடையோடு அரை மைல் ஓடி வந்தார். பஸ்ஸே உருண்டு சிரித்தது. விசில் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்த அண்ணன், மறுநாள் வண்டியை எங்கள் கடை முன்னால் நிறுத்தினார்.

"அண்ணாச்சி, ஒங்க மக விசில வீட்டுலயே பூட்டி வைங்க. வயசான ஆளுக படியில கால் வைக்கும்போது அடிச்சு வச்சிருச்சுன்னா என்ன ஆகும்?"

சரியாகத்தான் சொன்னார். ஆனால் பஸ்ஸில் இருந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாம் ஜன்னலில் தலையை நீட்டிப் பார்க்கப் பார்க்கச் சொன்னார். அப்பா என் போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்.

அந்த வாரம் உங்கள் சேனல் வண்டி ஊரில் இருந்தது. 'குடம் கவிழ்ந்த வீடுகள்' என்று ஒரு விசேஷ நிகழ்ச்சிக்காகத் தெருத்தெருவாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தீர்கள். இது எனக்குத் தெரியாது என்று மூன்று வருஷமாக என்னை நானே நம்பவைத்திருந்தேன். தெரியும் அத்தை. தெரிந்துதான் அந்த நாளை எடுத்தேன். சனிக்கிழமை காலை பத்து மணி. கடை வாசல் அடுக்கிலிருந்து ஒரு பச்சைக் குடத்தை எடுத்துக்கொண்டு மூன்று தெரு நடந்தேன். குடத்தோடு போகிற பெண்பிள்ளையை யார் சந்தேகப்படுவார்கள்? தங்கராசு அண்ணன் சம்சாரம் பேச்சியக்கா. பெயரில்தான் பேச்சு, ஆளிடம் கிடையாது. ஆனால் கை பேசும். பதினோரு புள்ளிச் சிக்குக் கோலம் போட்டிருந்தார்கள். அதன் நட்டநடுவில் கவிழ்த்துவிட்டு எதிரே மாவு மில்லுக்குள் போய் நின்றுகொண்டேன். அண்ணன் கதவைத் திறப்பார், கேமராவைப் பார்ப்பார், திருதிருவென்று முழிப்பார், நான் சிரிப்பேன். என் திட்டம் அவ்வளவுதான்.

நீங்கள் வந்தீர்கள். பின்னால் கேமராக்காரரும், கண்ணாடி போட்ட ஒரு மெட்ராஸ்காரரும். தெருப்பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். கதவைத் தட்டினீர்கள். அண்ணன் பனியனோடு வந்தார்.

"என்னக்கா, எங்க வீட்டுக்கா? வாங்க, வாங்க" என்று சிரித்தார். நீங்கள் குடத்தைக் காட்டினீர்கள். அவர் சிரிப்பு அப்படியே காய்ந்துபோனது. "இது யாரு வச்சா? ஏய், கேமராவ எடு. எடுன்னு சொல்லுதேன்ல!" கையை நீட்டித் தள்ளினார். கேமரா ஆடியது. அந்த ஆட்டம்தான் அப்புறம் ஊர் முழுக்கப் போனில் ஓடியது.

அந்த நேரம் பார்த்துப் பேச்சியக்கா குழாயடியிலிருந்து வந்தார்கள். இடுப்பில் தண்ணீர்க்குடம். கூட்டத்தைப் பார்த்ததும் அழுதுவிட்டார்கள். யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பயந்து வந்த அழுகை. நீங்கள் தோளைப் பிடித்து, "வெயில்ல போடு தாயி" என்றீர்கள்.

"ஒண்ணுமில்லக்கா" என்றார்கள். "சத்தியமா ஒண்ணுமில்ல."

நீங்கள் கேமராவைத் திரும்பிப் பார்த்தீர்கள். தலையை ஆட்டினீர்கள். அந்த வசனத்தைச் சொன்னீர்கள்.

நான் மாவு மில்லுக்குள் சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். மாவுதான் போனது.

ஒரு வாரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. காரியாபட்டியிலிருந்து பேச்சியக்காவின் இரண்டு அண்ணன்மார் வந்தார்கள். அக்கா எத்தனை தடவை ஒண்ணுமில்லை என்று சொன்னார்களோ அத்தனை தடவை அவர்களுக்கு நிச்சயமானது. முழுகாமல் இருந்த தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பெண்கள் அந்த மினி பஸ்ஸில் ஏற மறுத்தார்கள். பஸ் முதலாளி வேறு டிரைவர் போட்டார். தங்கராசு அண்ணன் திருப்பூருக்கு வேன் ஓட்டப் போனார்.

நீங்கள் கடைக்கு வந்தது அதற்கும் பத்து நாள் கழித்து. அப்பா சாப்பிடப் போயிருந்தார். உங்கள் கையில் இந்தப் பச்சைக் குடம்.

"என்னத்தை, ஓட்டையா? மாத்தித் தரவா?" என்றேன்.

நீங்கள் சிரிக்கவில்லை. ஸ்டிக்கரைத் தொட்டுக் காட்டினீர்கள். "படத்த நேத்துத்தான் மறுபடி போட்டுப் பாத்தேன் புள்ள. குடும்பத்துல புழங்குன குடத்துல ஸ்டிக்கரு இருக்காது. அந்தப் பொண்ணு இடுப்புல ஒரு குடம் இருந்துச்சு. அவ வீட்டுக் குடம் அதுதான். அவ அழுததப் பாத்தேன், இடுப்பப் பாக்கல. தெருவே பாக்கல." அடுக்கிலிருந்த மற்றப் பச்சைக் குடங்களைப் பார்த்தீர்கள். அப்புறம் என்னை. "நீயா?"

நான் எத்தனையோ குரலில் பேசுவேன். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. தலையை ஆட்டினேன்.

திட்டுவீர்கள் என்று நின்றேன். கடை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டீர்கள். "அந்தக் கண்ணாடிக்காரரு காலையில இருந்து, ஒரு வீடாவது கெடைக்குமா, கெடைக்குமான்னு உசுர எடுத்தாரு. அந்தக் கோலத்து மேல கொடத்தப் பாத்ததும் எனக்குச் சந்தோசமா இருந்துச்சு புள்ள. ஒரு பொண்ணு வீட்டுல அடி விழுதுன்னு நெனச்சுச் சந்தோசப்பட்டிருக்கேன். நீ பண்ணது ஒரு பக்கம். இத நான் யார்ட்ட போயிச் சொல்ல?"

"அப்பாட்ட சொல்லிருவீங்களா?"

"சொல்ல மாட்டேன். டிவியிலயும் ஒம் பேர எடுக்க மாட்டேன். ஊரு ஒன்னக் கவுத்துப் போட்டுரும். எத்தனையோ பேர வெயில்ல போட்டுட்டேன், ஒன்னப் போட மாட்டேன். நீயாப் போயி பேச்சிகிட்டச் சொல்லு." குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டீர்கள்.

அந்த வெள்ளிக்கிழமை நிகழ்ச்சியில், கேட்காமல் கொள்ளாமல் நேரலையில் சொன்னீர்கள். "நான் தப்புப் பண்ணிட்டேன். அந்தக் குடத்த வச்சது அந்தப் பொண்ணு இல்ல. அந்தத் தம்பி குத்தமில்லாதவரு. யாரு வச்சான்னு எனக்குத் தெரியாது." உங்கள் வாழ்க்கையில் நான் கேட்ட ஒரே பொய், கடைசி வரி. அது எனக்காக.

யார் நம்பினார்கள்? டிரைவர்மார் மிரட்டிவிட்டார்கள், அதுதான் அக்கா மாற்றிப் பேசுகிறது என்றார்கள். இல்லை இல்லை என்று நீங்கள் சொல்லச் சொல்ல, ஊர் தலையை ஆட்டியது. ஒண்ணுமில்லை என்பவளை நம்பாதே என்று சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தானே. நன்றாகப் படித்திருந்தார்கள், உங்களிடமே ஒப்பித்துவிட்டார்கள்.

இன்னொன்றும் நடந்தது. பையன்களுக்கு விளையாட்டுப் பிடிபட்டுவிட்டது. யாரோ வைத்த குடம் என்று நீங்கள் சொன்னதும், தெருத்தெருவாகக் கவிழ்த்தார்கள். தலைமையாசிரியர் வீட்டில், போலீஸ்காரர் வீட்டில், கல்யாணம் ஆகாதவர் வீட்டில்கூட. மூன்றாவது வாரம் இரண்டு தெரு தள்ளி ஒரு பெண் தானாகவே குடத்தைக் கவிழ்த்து வைத்தாள். போகிறவர்கள், "ஏலே, எவன் வேலைடா இது?" என்று சிரித்துக்கொண்டு போனார்கள். ஒருவன் காலால் எத்தினான். உருண்டது. அவள் வெளியே வந்து அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கன்னம் வீங்கியிருந்தது. நான் பார்த்தேன். நானும் போய் உட்காரவில்லை. அவளுக்கு அப்புறம் யாரும் உண்மையாகக் குடம் வைத்துப் பார்க்கவில்லை.

சேனல் உங்களை அனுப்பிவிட்டது. மறுபடி எங்கள் மாடிப்படி, மறுபடி மாமா அத்தை சித்தப்பா பெரியப்பா. படியில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் "சாப்பிட்டியா?" என்பீர்கள். ஒருநாளும் "சொல்லிட்டியா?" என்று கேட்டதில்லை. எனக்கு மட்டும் அப்படித்தான் காதில் விழும். உடம்பு முடியாமல் மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்த உங்களை அம்மாவோடு வந்து பார்த்தபோதுகூட, குழாயெல்லாம் மாட்டிக்கொண்டு, "சாப்பிட்டியா புள்ள?" என்றீர்கள். "இல்லத்தை" என்றேன். "சாப்பிட்டுரு" என்றீர்கள்.

உங்கள் அடக்கத்துக்குக் கூட்டம் கம்மிதான். பேச்சியக்கா வந்திருந்தார்கள், மூத்த அண்ணனோடு. பெட்டிக்குள் உங்களைப் பார்த்துக்கொண்டு, "எம் பேச்சக் கேக்காமலே போயிட்டாகளே" என்று முணுமுணுத்தார்கள். நான் அவர்களுக்கு இரண்டு ஆள் தள்ளி நின்றேன். இரண்டே ஆள். ஒரு கைப்பிடி மண் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இப்படித்தான் செய்வேன் என்று முன்னாலேயே தெரிந்துதான் குடத்தை அனுப்பினீர்கள் இல்லையா?

குடம் வந்த அந்தச் சனிக்கிழமையே காரியாபட்டிக்குப் போனேன். பஸ்ஸில் கண்டக்டர், "குடத்துக்கும் டிக்கெட்டாம்மா?" என்றார். வழக்கமாக இருந்தால் பத்து வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன். வீடு மதுரை ரோட்டை ஒட்டி, மரக்கடைக்குப் பக்கத்தில். பேச்சியக்கா வாசலில் பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார்கள்.

"பாத்திரக் கடைப் புள்ளதான நீ? என்ன, ஊர் ஊராக் குடம் விக்கியா?"

"விக்க வரலக்கா. இது ஒங்க வாசல்ல இருந்த குடம்."

பார்த்தார்கள். சோற்றுக்கை அப்படியே நின்றது.

"நான்தான்க்கா வச்சேன்."

"எதுக்கு?"

"நான் விசில் அடிச்சத அண்ணன் எங்கப்பாட்ட சொல்லிட்டாருன்னு."

"விசிலா?"

"ஆமாக்கா."

"ஒரு விசிலுக்கா?" சிரித்தார்கள் அத்தை. அந்த மாதிரிச் சிரிப்பை நான் யாரிடமும் வரவழைத்ததில்லை. "எங்க அண்ணன்மாரு இன்னும் அவுகள வாசல் தாண்ட விடுறதில்ல. ரெண்டு மாசத்துக்கொருக்க வாராக. ரோட்டுல நின்னு புள்ளயத் தூக்கிக் கொஞ்சிட்டுப் போறாக. புள்ள அவுகள 'வேன் மாமா'ங்குது."

கையைக் கழுவினார்கள். என் கையிலிருந்து குடத்தை வாங்கினார்கள். வாசலுக்கு நடுவே காலையில் போட்ட கோலம் பாதி அழிந்து கிடந்தது. அதன் மேல் கவிழ்த்தார்கள்.

"அன்னைக்கு நான் வைக்கல. இன்னைக்கு நான் வைக்கேன். ஒம்மேல வைக்கேன். போ, போயிச் சொல்லு. ஒங்க அப்பாட்ட, எங்க அண்ணன்மார்ட்ட, பாளையம்பட்டியில பஸ்ஸுல ஏற மாட்டேன்னு சொன்ன ஒவ்வொருத்திகிட்டயும். எப்ப நிமித்தணும்னு எனக்குத் தெரியும்."

"நான் கொஞ்ச நேரம் உக்காரட்டுமாக்கா?"

"நீ உக்காராத. நீ போ."

மரக்கடையில் இருந்த மூத்த அண்ணனிடம் அங்கேயே போய்ச் சொன்னேன். அவர் என்னை அடிக்கக் கை ஓங்கி, பெண்பிள்ளை என்று இறக்கிக்கொண்டார். அப்பாவிடம் வந்து சொன்னேன். உச்சி வெயிலில் அப்பா கடை ஷட்டரை இறக்கினார். தீபாவளிக்குக்கூட அந்த நேரத்தில் இறங்காத ஷட்டர். "வா" என்று மாடிப்படி ஏறினார்.

கேபிள்காரர் வாழ்த்துப் பாட்டை நிறுத்தி மைக்கைத் தந்தார். உங்கள் நாற்காலி அத்தை, ஒரு கால் ஆடும். ஒரு மணி. எல்லாவற்றையும் சொன்னேன், விசிலிலிருந்து. முதல் போன் வந்தது: "இது அந்த மிமிக்ரிப் புள்ளல்ல? இப்ப யார் மாதிரிம்மா பேசுத?" பின்னால் யாரோ சிரிக்கிற சத்தம். எனக்கு அழுகை வந்துவிட்டது. "யார் மாதிரியும் இல்லங்க. நான்தான்" என்றேன். மறுமுனையில் இன்னும் சிரித்தார்கள். என் பேச்சை நம்ப ஊருக்கு நானே ஒரு காரணமும் வைக்கவில்லை. அப்போது அப்பா மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். மைக்கில் பேசிப் பழக்கமில்லாதவர், வாயை ஒட்டிவைத்துக் கத்தினார்: "நான் பாத்திரக் கடைக்காரன் பேசுதேன். அது எங்க கடைக் குடம். சொல்றது எம் மக. தங்கராசு மேல குத்தமில்ல." சிரிப்பு நின்றது.

தெருவில் பாதிப் பேர் என்னோடு பேசுவதில்லை. எங்கள் கடைக்கு வருகிற பெண்கள், "ஸ்டிக்கரக் கிழிச்சுக் குடுங்க அண்ணாச்சி" என்று குத்திவிட்டுப் போகிறார்கள். அம்மா உங்கள் படத்தைப் பார்த்து, "இதையா மனசுக்குள்ள வச்சுக்கிட்டுத் திரிஞ்ச?" என்று கேட்டாள். உங்களைக் கேட்டாளா, என்னையா என்று தெரியவில்லை.

கோச்சிங் வகுப்புக்காக வாரம் இரண்டு நாள் மதுரைக்குப் போகிறேன். பஸ்ஸு காரியாபட்டியில் நிற்கும்போது ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொள்கிறேன். நேற்றும் பார்த்தேன். பச்சைக் குடம் கோலத்தின் மேல் கவிழ்ந்தே இருக்கிறது. வெயிலில் ஸ்டிக்கர் வெளுத்துவிட்டது. பிள்ளை அதன் அடிப்பாகத்தில் இரண்டு கையாலும் கொட்டடித்துக்கொண்டிருந்தது. கதவோரம் ஒரு ஜோடி ஆம்பளைச் செருப்பு கிடந்தது, வாசலுக்கு உள்பக்கம். அண்ணன்மார் செருப்பா, திருப்பூர்ச் செருப்பா என்று எட்டிப் பார்ப்பதற்குள் கண்டக்டர் ரெட்டை விசில் அடித்துவிட்டார். பஸ்ஸு கிளம்பிவிட்டது.

கழுத்து வலிக்கும்வரை திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன் அத்தை. குடம் இன்னும் நிமிரவில்லை.